களம் சின்னதுன்னா காட்டையா விப்பீங்க?

மஞ்சள் வேக வெக்கிறதைப் பத்தி எழுதறேன்னு போன தடவை சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இன்னைக்குக் கொஞ்சம் கோவத்துல இருக்கேன், அதை முதல்ல இறக்கி வெச்சுடறேன்.

கோவம் எதுக்குன்னா, டவுன்ல இருக்கிற நம்ம சொந்தபந்தம் வாயில வர்ற ஒரு பேச்சு. "பழசாயிடுச்சுங்க மாமா, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு ஒண்ணு வாங்கிக்குங்க." மிக்சிக்கு இதே பேச்சு, டிவிக்கு இதே பேச்சு. இப்ப எங்க வீட்டு லேப்டாப்புக்கு வந்திருக்கு.

அந்த லேப்டாப் என் பொண்ணு 12-ஆம் வகுப்பு படிக்கையில, 2014-ல, பள்ளிக்கூடத்துல அரசாங்கம் குடுத்தது. 2011-ல ஆரம்பிச்ச திட்டம், உங்களுக்குத் தெரியும். பொண்ணு காலேஜ் முடிச்சுக் கல்யாணமும் ஆகிப் போயிட்டா. இப்ப அது பையன் கையில. அவன் பி.காம். வீடியோல பாடம் கேக்கணும், கணக்குத் தாள் போடணும், பரீட்சைக்கு விண்ணப்பம் நிரப்பணும். இவ்வளவுதான் அவன் வேலை. ஆனா லேப்டாப் என்ன பண்ணுச்சுன்னா, ரெண்டு பக்கம் சேந்தாப்புல திறந்தா நின்னுரும். விண்ணப்பம் பாதி நிரப்பும்போது அப்படியே ஒறஞ்சு நிக்கும். கடைசி நாள் ராத்திரி 11 மணிக்கு ஃபீஸ் கட்டற பக்கத்துல வட்டம் சுத்திட்டே இருந்ததைப் பாத்துட்டு, பையன் விடியறதுக்குள்ள பக்கத்து ஊர் பிரவுசிங் சென்டர்காரரை எழுப்பப் போனான். ஒரு வருஷப் படிப்பு அந்த வட்டத்துல தொங்கிட்டு இருந்துச்சு.

டவுன்ல ஒரு கடைக்கு எடுத்துட்டுப் போனோம். கடைக்காரத் தம்பி ஸ்க்ரூகூட கழட்டலை. மூடியைத் திறந்தார், மூடுனார். "அண்ணா, இது ரொம்பப் பழைய மாடலுங்க. இதுக்கு செலவு பண்ணாதீங்க. 38,000-க்கு நல்லதா ஒண்ணு இருக்கு, மாசத் தவணையும் இருக்குங்க"ன்னார். ராத்திரி கோயமுத்தூர்ல இருக்கிற மச்சினர் பையன்கிட்ட ஃபோன்ல கேட்டேன். அவன் கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. "மாமா, 2 ஜிபி ராமா? அதெல்லாம் மியூசியத்துல வெக்கணும். தூக்கிப் போடுங்க"ன்னு சிரிச்சான்.

நான் சிரிக்கலை. மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். எங்க வீட்டுல ரெண்டு கறவை. வீட்டுக்குப் போக நாளைக்கு 8 லிட்டர் சொசைட்டிக்குப் போவுது. லிட்டருக்கு 35 ரூபாய்னு வெச்சுக்குங்க. 38,000 ரூபாய்க்கு 1,085 லிட்டர். நாலரை மாசம் காலையும் சாயங்காலமும் கறந்த பால். அதுலயும் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு, சோளத்தட்டு, டாக்டர் செலவு எதையும் கழிக்கலை. கழிச்சா மாடு ஒரு வருஷம் கறந்தாலும் பத்தாது. ஒருத்தர் மூடியைத் திறந்து மூடற நேரத்துல என் தலையில இதை வெச்சுட்டாரு.

சரி, அந்த லேப்டாப்புக்கு என்ன நோவுன்னு உங்களுக்குச் சொல்றேன். இதைப் புரிஞ்சுக்க இன்ஜினியர் ஆகத் தேவையில்லை, ஒரு தடவை கதிரடிச்சிருந்தா போதும்.

லேப்டாப்புல ரெண்டு இடம் இருக்கு. நெறையப் பேரு ரெண்டையும் 'மெமரி'ன்னே சொல்லிக் கொழப்பிக்கிறாங்க. ஒண்ணு ஹார்ட் டிஸ்க். அது வீட்டுக்குள்ள இருக்கிற குதிர் மாதிரி. ஃபோட்டோ, பாட்டு, படம் எல்லாம் அங்க சேத்து வெக்கிறது. கரண்ட் போனாலும் அங்கேயே இருக்கும். இன்னொண்ணு ராம். அது களம். குதிர்ல இருந்து எடுத்து வந்து பரப்பி, காய வெச்சு, தூத்தி, அளந்து, வேலை பாக்கிற எடம். வேலை முடிஞ்சா களம் காலி.

களம் சின்னதா இருந்தா என்ன நடக்கும்? பத்து மூட்டை காயவெக்கணும், எடம் நாலு மூட்டைக்குத்தான் இருக்கு. நாலைப் பரப்பறது, அள்ளி உள்ள கொண்டுபோய் வெக்கிறது, அடுத்த நாலைத் தூக்கியாறது. ஆளு நாள் முழுக்கச் சுமக்கறான், வேலை நகர மாட்டேங்குது. லேப்டாப்பும் அதையேதான் பண்ணுது. 2 ஜிபி களத்துல எடம் பத்தலைன்னு, பாதியை ஹார்ட் டிஸ்க்குல கொண்டுபோய் வெச்சுட்டு, திரும்ப எடுத்துட்டு வருது. உள்ள கிர்ருகிர்ருன்னு ஒரு சத்தம் கேக்குமே, லைட்டு விடாம மின்னுமே, அது மூட்டை சுமக்கற சத்தமுங்க. ஆளுக்கு வயசாயிடுச்சுன்னு முடிவு கட்டறோம். ஆளு நல்லாத்தான் இருக்கான். களம்தான் பத்தலை.

களம் பத்தலைன்னா கூட நாலு முழம் சாணி போட்டு மெழுகுவீங்களா, காட்டையே வித்துட்டு வேற ஊருக்குப் போவீங்களா?

அந்தக் களத்தைச் சின்னதாக்குனது யாருங்கறதையும் கேக்கணும். 2014-ல அதே 2 ஜிபியில என் பொண்ணு பாடம் படிச்சா, புராஜெக்ட் அடிச்சா, பாட்டும் கேட்டா. இப்ப ஒரு செய்திப் பக்கம் திறந்தா, செய்தி நாலு வரி, விளம்பரம் நாப்பது. வீடியோ தானா ஓடுது. நாம என்ன பாக்கிறோம்னு வேவு பாக்கிறது வேற பின்னாடி ஓடுது. அத்தனையும் நம்ம களத்துலதான் வந்து படுக்குது. இதையெல்லாம் எழுதறவங்க மேசையில 16 ஜிபி, 32 ஜிபி மெஷின் இருக்கும். அவங்களுக்கு 2 ஜிபிக்காரன் படற பாடு தெரியாது. தெரிஞ்சாலும் "அவன் புதுசு வாங்கிக்குவான்"னு விட்டுருவாங்க.

வழிக்கு வர்றேன். எங்க ஊர்ல மோட்டாருக்குக் காயில் கட்டற ஒருத்தர் இருக்கார். அவரு பையன் ஐ.டி.ஐ. படிச்சவன். அவன்தான் லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு, "மாமா, இங்க பாருங்க, ராமுக்குத் தனி மூடியே வெச்சிருக்கான்"ன்னு காட்டுனான். பேட்டரியைக் கழட்டிட்டு, ஆன் பண்ணற பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சோம், மிச்ச கரண்ட் இறங்கட்டும்னு. அப்புறம் ரெண்டே ஸ்க்ரூ. உள்ள ரெண்டு தொட்டி. ஒண்ணுல 2 ஜிபி பலகை படுத்திருக்கு. இன்னொண்ணு காலி. பத்து வருஷமா காலியாவே இருந்திருக்கு! இதைத் திறந்துகூடப் பாக்காமத்தான் 38,000-ன்னு வாய் வந்திருக்கு.

பழைய பலகை மேல ஒட்டியிருக்கிற தாள்லயே ஜாதகம் இருக்கு. டிடிஆர்3-ன்னு இருந்தா அதே டிடிஆர்3 தான் வாங்கணும். டிடிஆர்4 வாங்கினா உள்ளயே எறங்காது. பல்லுக்கு நடுவுல இருக்கிற வெட்டு எடம் மாறியிருக்கும். டிடிஆர்3-க்கு 204 பல்லு, டிடிஆர்4-க்கு 260. பிசி3, பிசி3எல்னு ரெண்டு தினுசு வேற இருக்கு. எல் இருந்தா 1.35 வோல்ட்டுல ஓடும், இல்லாட்டி 1.5 வோல்ட். எல் போட்டது பெரும்பாலும் ரெண்டு மாதிரி மெஷின்லயும் ஓடும். எல் இல்லாததை 1.35 மட்டும் கேக்கிற மெஷின்ல போட்டா ஓடாது. அதனால கடையில எல் கேட்டு வாங்குங்க. எத்தனை தொட்டி இருக்குன்னு திறக்காமயே பாக்கணும்னா, விண்டோஸ்ல டாஸ்க் மேனேஜர் போய், பெர்ஃபார்மன்ஸ்ல மெமரியை அழுத்துனா, ரெண்டுல ஒண்ணு உபயோகத்துல இருக்குன்னு காட்டும். சில மெஷின்ல பலகையோட ஒட்டுனதையும் தொட்டின்னு எண்ணிக் காட்டும். அதனால மாடல் நம்பரைப் போட்டும் ஒரு தடவை பாத்துக்குங்க.

ஈரோட்டுல செகண்ட்ஸ்ல 4 ஜிபி பலகை 700 ரூபாய்க்குக் கிடைச்சுது. பல்லுல கொஞ்சம் கருப்பு இருந்துச்சு. பையன் ஜாமெட்ரி பாக்ஸ்ல இருந்த ரப்பரால மெதுவா அழிச்சு, ஊதிட்டோம். இரும்பு சன்னலைத் தொட்டுட்டுப் பலகையோட ஓரத்தைப் பிடிச்சுச் சாய்வா நுழைச்சு, கீழ அழுத்துனா ரெண்டு பக்கமும் கொக்கி டக்குனு பிடிக்கும். அவ்வளவுதான் வேலை. சரியா உக்காரலைன்னா ஆன் பண்ணும்போது கீ கீன்னு கத்தும், இல்லாட்டித் திரை கருப்பாவே நிக்கும். பயப்படாம கழட்டித் திரும்ப உக்கார வெச்சாப் போதும். கால் மணி நேரத்துல 6 ஜிபி ஆச்சு.

ஒண்ணு விட்டுப்போச்சு. பலகை போட்டா மட்டும் பத்தாத மெஷினும் உண்டு. பழைய லேப்டாப்புல 32 பிட் விண்டோஸ் இருந்தா 4 ஜிபிக்கு மேல கணக்குலயே எடுத்துக்காது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்னு ஒண்ணு வந்துச்சே, அது 2 ஜிபிக்கு மேல தொடவே தொடாது, நீங்க எவ்வளவு போட்டாலும் சரி. களத்தைப் பெருசாக்குனப்புறமும் வேலியை அங்கயே வெச்ச கதை. நாங்க 64 பிட் லினக்ஸ் மின்ட் போட்டோம். காசு கிடையாது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓட பொதுவான பாதுகாப்புத் துணை முடிஞ்சுது. விண்டோஸ் 11 வேணும்னா டிபிஎம் 2.0 சில்லு வேணும், அவங்க பட்டியல்ல இருக்கிற புராசஸர் வேணும்னு கதவைச் சாத்திட்டாங்க. நல்லா உழுதுட்டு இருக்கிற மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாத்துட்டு வெளிய நில்லுன்னு சொன்ன மாதிரி. உலகம் முழுக்க எத்தனை மெஷின் இந்த ஒரு காரணத்துக்காக எடைக்குப் போவும்னு நெனச்சுப் பாருங்க.

இப்ப எங்க லேப்டாப் எப்படி ஓடுது? ஆன் ஆகறதுக்கு முன்ன மாதிரியே நேரம் எடுத்துக்குது. அது ஹார்ட் டிஸ்க்கோட வேகம், ராம் போட்டதால மாறாது. அதுக்கு எஸ்எஸ்டி போடணும். மஞ்சள் வித்தாப் போடலாம்னு இருக்கோம். ஆனா ஆன் ஆனதுக்கப்புறம் வீடியோ பாடம் ஒரு பக்கம், கணக்குத் தாள் ஒரு பக்கம், நிக்காம ஓடுது. அடுத்த செமஸ்டர் விண்ணப்பத்தைப் பையன் திண்ணையில உக்காந்துட்டே போட்டுட்டான்.

இதோட விட்டுருவேன். ஆனா என் கோவம் அந்தக் கடைக்காரத் தம்பி மேல இல்லீங்க. 700 ரூபாய் பலகையில அவருக்கு என்ன நிக்கும்? புதுசு வித்தாத்தான் கடை வாடகை. கோவம் புதுசா வர்ற லேப்டாப் மேல. இப்ப விக்கிற மெல்லிசு லேப்டாப் பலதுல ராமைப் பலகையோட பலகையா ஈயம் வெச்சு ஒட்டிடறாங்க. மூடியும் இல்லை, தொட்டியும் இல்லை. வாங்கற அன்னைக்கு என்ன இருக்கோ அதுதான் சாகற வரைக்கும்.

எங்க கலப்பையைப் பாருங்க. மரக் கலப்பைக்குக் கொழு தனி. ட்ராக்டர் கலப்பைக்கும் கொழு போல்ட் நட்டுலதான் நிக்குது. ஏன்னா மண்ணுல தேயறது கொழுதான், கலப்பை இல்லை. தேயறதைக் கழட்டற மாதிரி வெக்கிறதுதான் நல்ல கருவியோட லட்சணம். மோட்டார்ல பேரிங் போனா பேரிங், வாசர் போனா வாசர், காயில் எரிஞ்சா காயில். எங்க கிணத்து மோட்டாருக்கு மூணு தடவை காயில் கட்டியாச்சு, இன்னும் தண்ணி எடுக்குது. நாளைக்கு எவனாவது கொழுவைக் கலப்பையோட வெல்டு வெச்சு, "பாக்க அழகா இருக்கு, எடை கம்மி"ன்னு வித்தா, எங்க ஊர்ல ஒருத்தன் வாங்குவானா? டவுன்ல நீங்க வாங்கறீங்க. வாங்கிட்டு, எவ்வளவு மெல்லிசு பாருங்கன்னு விரல்ல தூக்கிக் காட்டறீங்க.

மச்சினர் பையன் இதுக்குப் பதில் வெச்சிருக்கான். "ஒட்டுனாத்தான் மாமா வேகம். கம்பி தூரம் கொறையுது, கரண்ட் கொறைய எடுக்குது, பேட்டரி நிக்குது." பொய் இல்லை. அதுக்குன்னே கரண்ட் கொறைவா எடுக்கிற ஒரு தினுசு ராம் இருக்கு, அதைப் பெரும்பாலும் ஒட்டித்தான் வெக்கிறாங்கன்னு நானும் படிச்சேன். ஆப்பிள் கம்பெனி 2012-ல ரெட்டினா திரை வெச்ச மேக்புக் புரோவுலயே ராமை ஒட்டிட்டாங்க, 2020-ல இருந்து புராசஸரும் ராமும் ஒரே பொட்டலமா வருது. வேகம்தான். ஆனா ஒட்டறதுதான் வழின்னா, ஒட்டும்போதே பத்து வருஷத்துக்கு ஆவற மாதிரி ஒட்டணும் இல்லையா? அவங்க 8 ஜிபியை ஒட்டி வித்தாங்க. இன்னும் 8 கூட வேணும்னா வாங்கறப்பவே 20,000 ரூபாய் கூடன்னு வெலைப்பட்டியல் போட்டாங்க. எங்க ஊர்ல அந்தக் காசுக்கு ஒரு கன்னுக்குட்டி வாங்கலாம். பேட்டரி ரெண்டு மணி நேரம் கூட நிக்கறதுக்கும், மெஷின் அஞ்சு வருஷம் முன்னாடியே குப்பைக்குப் போறதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. அந்தக் கணக்கை எந்த விளம்பரத்துலயும் பாத்ததில்லை.

இது என்னமோ லேப்டாப்புக்கு மட்டும் வந்த வியாதின்னு நெனைக்காதீங்க. அமெரிக்காவுல விவசாயிங்க ட்ராக்டருக்காக இதே சண்டையைப் போட்டாங்க. ட்ராக்டர்ல சாஃப்ட்வேர் பூட்டு. காட்டுல வண்டி நின்னா டீலர்கிட்டத்தான் போகணும். அறுப்பு நேரத்துல டீலர் வர்ற வரைக்கும் மழை காத்திருக்குமா? கொலராடோ மாநிலத்துல 2023-ல, விவசாயக் கருவியை விவசாயியே ரிப்பேர் பண்ணறதுக்கு உரிமைன்னு சட்டமே போட்டு, 2024 ஜனவரி 1-ல நடைமுறைக்கு வந்துச்சு. நம்ம மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் 2022-ல ரிப்பேர் உரிமைக்குக் குழு போட்டுது. அதுல எடுத்துக்கிட்ட நாலு துறையில விவசாயக் கருவியும் இருக்கு, ஃபோனும் எலக்ட்ரானிக்ஸும் இருக்கு. வலைத்தளமும் வந்திருக்கு, போய்ப் பாத்தேன். கொலராடோ மாதிரி கம்பெனியைக் கட்டிப்போடற சட்டமா அது இன்னும் ஆகலை. ஃபிரான்ஸ்ல 2021-ல இருந்து லேப்டாப் விக்கும்போதே, ரிப்பேர் பண்ண எவ்வளவு சுளுவுன்னு பத்துக்கு மார்க் போட்டுக் காட்டியாகணும். நம்மூர்ல ஃப்ரிட்ஜுக்கு ஸ்டார் ஒட்டறாங்களே, அது மாதிரி இதுக்கும் ஒண்ணு ஒட்டுனா, மூடி இல்லாத லேப்டாப்புக்கு எத்தனை மார்க் வரும்னு பாத்துருவோம்.

சட்டம் வர்ற வரைக்கும் உங்க கையில ஒண்ணு இருக்கு. புதுசு வாங்கப் போறவங்க கடையில கலரைக் கேக்கறதுக்கு முன்ன, "ராம் தனியா கழட்ட வருமா? எத்தனை தொட்டி? அதிகபட்சம் எவ்வளவு போடலாம்?"னு கேளுங்க. கடைக்காரர் முழிச்சார்னா, அந்த மாடலோட விவரத்தாள்ல இருக்கும், எடுத்துக் காட்டச் சொல்லுங்க. நூறு பேரு கேட்டா நூத்தி ஒண்ணாவது ஆளுக்கு அவரே சொல்லுவார்.

இன்னொண்ணு, கொஞ்சம் உறைக்கும், பொறுத்துக்குங்க. டவுன்ல இருந்து வருஷா வருஷம் நல்ல மனசோட கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பழைய கம்ப்யூட்டர் குடுக்க வர்றாங்க. மாலை, ஃபோட்டோ, காப்பி, எல்லாம் நடக்கும். வண்டி போனதுக்கப்புறம் ஆன் பண்ணிப் பாத்தா, வட்டம் சுத்திட்டே இருக்கும். அப்புறம் அது பெஞ்சு ஒடைஞ்ச ரூமுக்குப் போயிரும். பிள்ளைங்க என்ன நெனைக்குதுங்க தெரியுமா? கம்ப்யூட்டர்னாலே இப்படித்தான் இருக்கும், நமக்கு வராதுன்னு நெனைக்குதுங்க. குடுக்கறதுக்கு முன்ன ஒரு 700 ரூபாய் பலகை போட்டு, ஒரு லினக்ஸ் போட்டு, ஒரு பக்கம் திறந்து பாத்துட்டுக் குடுங்க. ஃபோட்டோ ப்ளெக்ஸுக்கு அதைவிட ஜாஸ்தி ஆவுது.

எதையும் தூக்கியே போடக்கூடாதுன்னு நான் சொல்ல வரலை. மதர்போர்டு எரிஞ்சு, திரையும் போயி, புராசஸர் 64 பிட்டே இல்லைன்னா அதை என்ன பண்ணறது, உரிமம் இருக்கிற மின்கழிவுக்காரர்கிட்டக் குடுத்துரலாம். காயலான்கடையில போட்டா கம்பியை எரிச்சுத் தாமிரம் எடுப்பாங்க, அந்தப் பொகை நம்ம பிள்ளைங்க மேலதான் விழும். அதுக்கு முன்ன ஒரே ஒரு தடவை திருப்பிப் போட்டு, அந்த ரெண்டு ஸ்க்ரூவைக் கழட்டிப் பாத்துருங்கன்னுதான் சொல்றேன்.

உங்க வீட்டு அலமாரி மேல்தட்டுல, துணிக்கு அடியில, ஸ்லோவா இருக்குன்னு ஒதுக்குன லேப்டாப் ஒண்ணு இருக்கும். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது சார்ஜரோட எடுத்துட்டு வாங்க. ஐ.டி.ஐ. தம்பிகிட்டச் சொல்லி வெச்சிருக்கேன். பலகை காசு உங்களுது, கூலி வேண்டாம்னுட்டான்.